கண் திறக்காத கழுதை

"கழுதைக்குக் கண்ணைக் காணோம்" என்றான் காஜா நவாஸ்.

மேஜை மேல் இருந்த கோப்பையை இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தான். "சேவலுக்கும் இல்ல. சிறுத்தைக்கும் இல்ல. அக்கா, இது களவு கேஸ் இல்ல. கண்ணாஸ்பத்திரி கேஸ்."

ஜெயப்பிரியா சிரிக்கவில்லை. சிரிக்கிற இடமா அது? இராமநாதபுரத்தில் பாண்டித்துரை பங்களாவின் கூடம். சுவர் முழுக்க மான் கொம்பு. சோபாவின் ஓரத்தில், உட்கார்ந்தும் உட்காராமலும் நஸீஹா. அழுது முடித்த முகம். அடுத்த அழுகைக்கு இடைவேளை விட்ட முகம் என்றும் சொல்லலாம்.

ஜெயப்பிரியா அந்த ஊரில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். துப்பறிவது என்றால் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். துபாயில் மேனேஜர் என்று சொல்லிக்கொள்கிறவன் நிஜமாகவே மேனேஜரா, மேனேஜருக்கு டீ போடுகிறவனா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். காஜா நவாஸ் ரியாத்தில் வண்டி ஓட்டித் திரும்பியவன். இப்போது அவளுக்கு டிரைவர், உதவியாளர், தேவைப்படாத நேரத்தில் நகைச்சுவை நடிகர். போன வருஷம் நஸீஹாவுக்கு வந்த ஒரு வரனைத் தோண்டித் துருவி, அந்த ஆளுக்கு ஷார்ஜாவில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அந்த நன்றியில்தான் நஸீஹா இப்போதும் இவர்களைக் கூப்பிட்டிருந்தாள்.

விஷயம் இதுதான். நஸீஹா கீழக்கரைப் பெண். அருங்காட்சியகப் படிப்பு படித்தவள். பாண்டித்துரையின் குடும்பத்துப் பழம்பொருட்களை ஒழுங்குபடுத்தும் வேலையைச் சில மாதங்களாகச் செய்துவந்தாள். அவற்றுக்கெல்லாம் மணிமுடி மாதிரி இருந்தது ஒரு கிரேக்கக் கோப்பை. கிரேக்கர்கள் மது குடித்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடப் பழசு. பாண்டித்துரையின் பாட்டையா கொழும்பில் ஏலத்தில் எடுத்தது. நேற்று விருந்தாளிகளை வரவழைத்து, "நஸீஹா, நீயே திற" என்று பெருந்தன்மையாகச் சொன்னார் பாண்டித்துரை. அவள் பெட்டகத்தைத் திறந்தாள். உள்ளே இருந்தது சூளைச் சூடு ஆறாத போலி.

சாவி இரண்டு பேரிடம்தான். ஒன்று அவளிடம். மற்றொன்று வீட்டுக்காரரிடம். தன் வீட்டில் தானே திருடுகிறவன் உண்டா? ஆகவே கணக்கு எளிதாக முடிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அசலைத் திருப்பித் தராவிட்டால் இன்ஸ்பெக்டர் வந்து புகாரை வாங்கிக்கொள்வார். நஸீஹாவுக்கு ஷார்ஜா அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் விமானம். களவு வழக்கு ஒன்று பெயருக்கு நேரே ஏறிவிட்டால் அப்புறம் ஷார்ஜாவை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாண்டித்துரை உள்ளேயிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை. லண்டனில் படித்த ஆங்கிலம், இராமநாதபுரத்துச் செருப்பு.

"நான் மதம் பார்க்கிற ஆள் இல்லை மேடம்" என்று ஆரம்பித்தார்.

இப்படி ஆரம்பிக்கிறவர்கள் அடுத்து எதைப் பார்ப்பார்கள் என்று காஜா நவாஸுக்குத் தெரியும்.

"ஆனா லாஜிக்னு ஒண்ணு இருக்குல்ல? உயிருள்ளதுக்குக் கண்ணு வரையக் கூடாதுன்னு அவங்க மார்க்கத்துல சில பேர் நினைக்கிறாங்க. அசல் கோப்பையில எல்லா மிருகத்துக்கும் கண்ணு உண்டு. இதுல ஒண்ணுக்கும் இல்ல. போலியை யார் செஞ்சதுன்னு நான் வேற சொல்லணுமா?"

"சார், எங்கக்கா மகன் டைனோசர் வரைவான். ரெண்டு கண்ணு பத்தலன்னு மூணு வைப்பான். அவனையும் சேத்து விசாரிச்சிருவோமா?" என்றான் காஜா.

வாய் அப்படிச் சொல்லிற்றே தவிர, பாண்டித்துரை சொன்னதை அவனால் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை. ஏனென்றால் அது முழுப் பொய்யும் இல்லை. அவனுடைய உம்மா காலிதா, தங்கச்சியின் பொம்மைக்குக் கண்ணைத் துடைத்தெடுத்ததை அவன் கண்ணால் கண்டிருக்கிறான்.

பாண்டித்துரைக்கு போன் வந்தது. நகர்ந்தார்.

"நஸீஹா, அசலோட படம் இருக்கா? இந்த மிருகமெல்லாம் எதுக்குன்னு சொல்லும்மா" என்றாள் ஜெயப்பிரியா.

நஸீஹா போனை எடுத்துக் காட்டினாள். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் குரல் நடுங்குவது நின்றது. "வெளிப்பக்கம் ரெண்டு பெரிய கண்ணு இருக்குல்ல மேடம்? குடிக்கிறவன் கோப்பையைத் தூக்கிக் கவிழ்க்கிறப்ப எதிர்ல இருக்கிறவனுக்கு அவன் மூஞ்சி தெரியாது. இந்தக் கண்ணு ரெண்டும்தான் தெரியும். முகமூடி மாதிரி. கெட்ட பார்வை அண்டாதுன்னும் சொல்லுவாங்க."

"திருஷ்டிப் பொம்மையைக் கையில பிடிச்சுக்கிட்டே குடிச்சிருக்கான். வெவரமானவன்" என்றான் காஜா.

"காக்கா, கழுதைதான் அவங்க மதுக் கடவுளோட வாகனம். சிறுத்தையும் அவரோடதுதான். சேவல், மனசுக்குப் பிடிச்சவங்களுக்குக் கொடுக்கிற பரிசு." காஜாவை அவள் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். "உள்பக்கம் டால்பின். கடல் கொள்ளைக்காரங்க ஆள் தெரியாம அந்தக் கடவுளையே கடத்திட்டுப் போனாங்களாம். பாய்மரத்துல திராட்சைக் கொடி படர்ந்துச்சாம். பயந்துபோய்க் கடல்ல குதிச்சவன் அத்தனை பேரும் டால்பினா மாறிட்டான்."

"நல்லவேளை, அது கிரேக்கக் கடல். நம்ம கடல்ல கடத்துறவனெல்லாம் ஓங்கிலா மாறினா தண்ணியே கண்ணுக்குத் தெரியாது" என்றான் காஜா. டால்பினை ஓங்கில் என்பது இந்தக் கரைப் பேச்சு.

நஸீஹா சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டோமே என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயப்பிரியா கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். "காஜா, உங்கம்மா பொம்மைக்குக் கண்ணை அழிச்ச கதையைச் சொன்னியே. எப்படி அழிச்சாக?"

"இப்பப் போயி அதையா..."

"சொல்லுலே."

"சுத்தமா. நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணிய ஊத்தித் தேச்சுப்புட்டாக. மூஞ்சி கோழி முட்டை மாதிரி ஆயிருச்சு."

"இப்ப இந்தக் கழுதைக்குக் கண்ணு இருக்க வேண்டிய எடத்தைத் தடவிப் பாரு."

தடவினான். இலை வடிவத்தில் வெள்ளை பூசியிருந்தது. வெள்ளைக்கு நடுவே ஒரு மிளகு உட்காருகிற அளவுக்குச் சின்னக் குழி. சேவலைத் தடவினான். அங்கேயும் குழி. சிறுத்தைக்கும் அப்படியே.

"கண்ணே வேண்டாம்ங்கிறவன் கண்ணுக்குன்னு குழி தோண்டி வைப்பானா?" என்றாள் ஜெயப்பிரியா. "இது வேண்டாம்னு விட்டது இல்ல. பொறவு வச்சுக்கிடலாம்னு விட்டது. சரி, கழுத்தைப் பாரு."

காஜா படத்தைப் பார்த்தான். கோப்பையைப் பார்த்தான். படத்தில் இருந்த கிரேக்கக் கழுதை மொட்டைக் கழுத்தோடு நின்றது. கோப்பையில் இருந்த கழுதைக்குக் கழுத்து நிறையச் சலங்கை. போதாததற்கு ஈ என்று எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டிருந்தது.

"கழுதைக்கு யாருக்கா சலங்கை கட்டுவா? குதிரைக்குத்தான் கட்டுவாங்க. அதுவும் அய்யனார் கோயில்..." என்றவன் நிறுத்தினான்.

"வண்டிய எடு" என்றாள் ஜெயப்பிரியா.

சாயல்குடியைத் தாண்டி, பனைகளுக்கு நடுவே போகிற மண் பாதையின் முடிவில் செல்லச்சாமியின் சூளை. அய்யனாருக்கு நேர்ந்துகொண்டவர்கள் செய்யச் சொல்லியிருந்த மண் குதிரைகள் வரிசையாக நின்றன. ஆள் உயரம். எல்லாம் பல்லைக் காட்டின. எல்லாவற்றுக்கும் சலங்கை. எல்லாவற்றின் கண்ணிலும் வெள்ளைத் துணிக்கட்டு.

"அல்லா! கண்ணாஸ்பத்திரின்னு சொன்னேன்ல? வார்டே இங்கனதான் இருக்கு" என்றான் காஜா.

செல்லச்சாமி கைலியை மடித்துக் கட்டியபடி வந்தார். மீசைக்கு மட்டும் தனியாக எண்ணெய் போடுகிற ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஜெயப்பிரியா போனில் போலிக் கோப்பையின் படத்தை நீட்டினாள்.

"நீங்க செஞ்சதா அண்ணாச்சி?"

"பின்ன? இந்தப் பல்லு வைக்க இந்தச் சீமையில வேற எவனுக்குக் கை வரும்? கழுதைன்னு சொல்லிப் படத்தைக் கொடுத்தாக. மொட்டைக் கழுத்தா இருந்துச்சு. நம்ம கையில இருந்து போற உருப்படி மூளியாப் போகலாமா? சலங்கை நானாப் போட்டேன். அதுக்குத் தனிக் காசுகூடக் கேக்கல."

"அப்ப இந்தச் சிறுத்தை?"

"சிறுத்தையா அது?" செல்லச்சாமி போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "அய்யனாரு நாயின்னுல்ல நினைச்சேன்."

"செய்யச் சொன்னது யாரு?"

மீசையின் ஆட்டம் நின்றது. "அதைச் சொல்ல மாட்டேன்."

"ஏன், காசு வாங்கிட்டீகளா?" என்றான் காஜா.

"ஏலே, நாக்கை அடக்கிப் பேசு. நேர்த்திக்கடன்னு சொல்லிச் செய்யச் சொன்னாக. நேர்ந்தவுக பேரைக் கண்ணு திறக்கிறதுக்கு முன்னாடி நான் சொல்ல மாட்டேன். சொன்னா வேண்டுதல் கெட்டுப்போகும். உருப்படி போய்ச் சேந்த எடத்துக்கு என்னைக் கூப்பிடுவாக. நான் போயி, 'இன்னார் கொடுத்த குதிரை'ன்னு ஊருக்குக் கேக்கச் சொல்லிட்டுக் கண்ணுல மை வைப்பேன். அதுதான் எங்க வழக்கம்."

"இது கோப்பையாச்சே!"

"மண்ணுல மூஞ்சி வந்துட்டா அப்புறம் குதிரை என்ன, கோப்பை என்ன? கொண்டு போயி மாசமாகுது. இன்னும் கூப்பிட்ட பாடில்லை. கண்ணைத் திறக்காமப் போட்டுவச்சா அதுக எம்புட்டுத் தவிக்கும்!"

காஜா தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "அண்ணாச்சி, ஒரு பொம்பளப் பிள்ளை செய்யாத களவுக்கு உள்ள போகப் போகுது. இன்னைக்குச் சாயங்காலம்."

செல்லச்சாமி சங்கடப்பட்டார். குதிரைகளைப் பார்த்தார். குதிரைகள் எதையும் பார்க்கவில்லை. "அதுக்கு நான் என்னப்பா செய்ய? கூப்பிட்டா வாரேன். மை வைக்கேன். பேரைச் சொல்லுதேன். கூப்பிடாமச் சொன்னா நாளைக்கு எவன் என்னை நம்பி நேந்துக்கிடுவான்?"

"நேர்ந்தவுகதான் கூப்பிடணுமா?" என்று கேட்டாள் ஜெயப்பிரியா.

"உருப்படி இருக்கிற எடத்துல இருந்து யாரு வெத்தலை பாக்கு வச்சாலும் வருவேன்."

"காஜா, சாயல்குடிக்குப் போயி வெத்தலை பாக்கு வாங்கிட்டு வா" என்றாள் ஜெயப்பிரியா. "அப்புறம் உன் கூலிங் கிளாஸை அண்ணாச்சிக்குக் கொடு."

பங்களாவுக்கு அவர்கள் திரும்பியபோது இன்ஸ்பெக்டர் சேதுராமன் வந்து, இரண்டாவது ரவுண்டு முந்திரிப் பக்கோடாவில் இருந்தார். நஸீஹா அதே சோபாவின் அதே ஓரத்தில். பாண்டித்துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உலாத்திக்கொண்டிருந்தார். "சீக்கிரம் முடிங்க மேடம். நான் வாலிநோக்கம் போகணும். உப்பளத்துல வேலை கிடக்கு."

"ஒரே நிமிஷம். இவர் டாக்டர் முத்துகிருஷ்ணன். மதுரையில இருந்து வாரார். பழைய மண்பாண்டத்துல இவரை மிஞ்ச ஆள் கிடையாது" என்றாள் ஜெயப்பிரியா.

கூலிங் கிளாஸும் இஸ்திரி போட்ட சட்டையுமாக செல்லச்சாமி முன்னால் வந்தார். வாயைத் திறந்தால் சாயம் வெளுத்துவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். ஆகவே உலகத்து ஞானமெல்லாம் உள்ளே இருக்கிற மாதிரி மெல்லத் தலையை மட்டும் ஆட்டினார். நிஜ டாக்டர்களுக்கே அவ்வளவு நேர்த்தியாக வராது.

காஜா அந்த ஒரு கணத்தை மட்டும் தவறவிடவில்லை. உலாத்திக்கொண்டிருந்த பாண்டித்துரையின் கால் நின்றது. வாய் எதையோ சொல்லத் திறந்தது. திறந்த வாய் மூடிக்கொண்டது. பிறகு கை கூப்பிற்று.

"வாங்க டாக்டர்" என்றார் பாண்டித்துரை. "டீ சாப்பிடுறீங்களா?"

செல்லச்சாமி ஆகட்டும் என்று தலையாட்டினார்.

"அசல் படத்தோட ஒத்துப் பாக்கணும்னா கண்ணு இருந்தாத்தான் சரிப்படும்னு டாக்டர் அபிப்பிராயப்படுறார். ஆளுக்கொரு புள்ளி. அவ்வளவுதான்" என்றாள் ஜெயப்பிரியா.

"கூடாது!" என்றார் பாண்டித்துரை. "இதுல ஒரு தூசியைக்கூடத் தொடக் கூடாது. இன்ஸ்பெக்டர், இது ஒரு கலைப்பொருள்."

சேதுராமன் பக்கோடாவை விழுங்கினார். "நீங்கதான சார் போலின்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

"போலிதான். ஆனா... நல்ல போலி."

"போலிக்குப் பட்டா கேக்க வேண்டியதுதான் பாக்கி" என்று காஜா நஸீஹாவின் பக்கம் முணுமுணுத்தான்.

இன்ஸ்பெக்டர் கையை அசைத்தார். "புள்ளிதான? வைங்க டாக்டர்."

செல்லச்சாமி மடியிலிருந்து மைச் சிமிழை எடுத்தார். டாக்டர்கள் மடியில் மைச் சிமிழ் வைத்துக்கொள்வார்களா என்று இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வருவதற்குள் தூரிகை நனைந்துவிட்டது. இடது கையில் கோப்பை. கழுதையின் முகத்துக்கு நேரே தூரிகை. ஊருக்குக் கேட்க வேண்டுமல்லவா? தொண்டையைச் செருமி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"செல்லச்சாமி! நிறுத்துலே!"

மான் கொம்புகள் அதிர்ந்தன. கத்தியது பாண்டித்துரை.

சேதுராமன் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரு சார் செல்லச்சாமி?"

செல்லச்சாமி கூலிங் கிளாஸைக் கழற்றினார். "நாந்தான் சார். இவுக பேரை நான் இன்னும் சொல்லலை. என் பேரை இவுக சொல்லிட்டாக."

"கோயிலுக்குக் குதிரை செய்யிறவன் சார் இவன்" என்று பாண்டித்துரை அவசரமாகச் சொன்னார். "இந்த ஊர்ல எல்லாருக்கும் இவனைத் தெரியும்."

"தெரிஞ்ச ஆளை எதுக்கு டாக்டர்னு கும்பிட்டு டீ கொடுத்தீங்க?" என்று கேட்டாள் ஜெயப்பிரியா. "குயவர்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்னு பயம். கண்ணு திறக்காத வரைக்கும் இவர் உங்க பேரைச் சொல்ல மாட்டார்னு தெரிஞ்சுதான் நேர்த்திக்கடன்னு சொல்லிச் செய்ய வச்சீங்க. கண்ணு இல்லாத மிருகத்தைக் காட்டி இந்தப் பிள்ளை மேல பழியையும் போட்டீங்க. ஒரே குருட்டுக் கழுதையில ரெண்டு சவாரி. திட்டம் நல்லாத்தான் இருந்துச்சு. சலங்கைதான் கூடிப்போச்சு."

"அபாண்டம்! நான் இவனோட சூளைப் பக்கமே..."

"முத்துராமலிங்கம் மகன் பாண்டித்துரை கொடுத்த கழுதை!"

தெருவில் போகிறவர்கள்கூட நின்றிருப்பார்கள். அப்படியொரு குரல். சொல்லி முடித்த கையோடு செல்லச்சாமி குழிக்குள் மையை வைத்தார். கழுதை கண்ணைத் திறந்தது. நேர் எதிரே நின்றவரை ஈ என்று பார்த்தது.

பாண்டித்துரை லண்டனில் படித்தவர்தான். இருந்தாலும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா பங்களா டிரைவர் வாசலில் வந்து நிற்க வேண்டும்? "அய்யா, வாலிநோக்கத்துக்கு மீன் பெட்டியை வண்டியில ஏத்தியாச்சு. கிளம்பலாமா?"

காஜா நவாஸ் மெல்ல நிமிர்ந்தான். "அண்ணே, ஒரு சந்தேகம். வாலிநோக்கத்துல இருந்துதான மீனு இங்கன வரும்? இங்கன இருந்து அங்கன போகுமா? கொல்லத் தெருவுல ஊசி விக்கிற கதையா இருக்கே!"

சேதுராமன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு முதன்முறையாக அவர் போலீஸ்காரர் மாதிரி நடந்தார். மீன் பெட்டி கூடத்துக்கு வந்தது. மேலே ஐஸ். ஐஸுக்குக் கீழே தெர்மகோல். தெர்மகோலுக்குள்ளே, பஞ்சில் சுற்றி, அசல். ராத்திரி ஒரு படகு ஏறிக் கொழும்பு வழியாகப் போக வேண்டியது. அங்கே வாங்குகிறவன் காத்திருந்தான். இங்கே இன்சூரன்ஸ் காத்திருந்தது. நடுவில் ஒரு பெண் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. அது ஒன்றுதான் செலவு. அதுவும் அவருடைய செலவு இல்லை.

நஸீஹா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுதை, சேவல், சிறுத்தை. எல்லாவற்றுக்கும் கண் இருந்தது. விளிம்பில் கீறல்கூட இல்லை. பிறகு அதை மெல்ல மேஜையில் வைத்தாள்.

பாண்டித்துரை நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பெரிய மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் தேறிக்கொள்கிறார்கள் என்று காஜா வியந்துபோனான்.

"சேதுராமன், இதுல பெரிசாக்க ஒண்ணுமில்ல" என்றார் பழைய குரலில். "என் பொருள் என் வீட்டுலயே இருக்கு. களவே போகல. புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். அந்தப் பொண்ணும் நிம்மதியா ஊருக்குக் கிளம்பட்டும். நல்லபடியாப் போகுது, வம்பு எதுக்கு? என்னம்மா நஸீஹா?"

இன்ஸ்பெக்டரின் முகத்தில் அப்பாடா என்று ஒரு வெளிச்சம் வந்தது. எழுத்து வேலை மிச்சம். "அதுவும் சரிதான். உனக்கும் கேஸ் இல்ல, சாருக்கும் கேஸ் இல்ல. சரிதானேம்மா?"

கூடத்தில் எல்லோரும் நஸீஹாவைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினால் போதும். அடுத்த வாரம் ஷார்ஜா.

அவள் சோபாவின் ஓரத்திலிருந்து நகர்ந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"நேத்து இந்த ஹால்ல இருபது பேருக்கு முன்னாடி என்னைக் கள்ளின்னு சொன்னாரு சார். என் மார்க்கத்தையும் சேத்துச் சொன்னாரு. அவர் புகாரை வாபஸ் வாங்கட்டும். நான் கொடுக்கணும்."

"யம்மா, கேஸுன்னா அலைய வேண்டியிருக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும்..."

"தெரியும் சார்."

காஜா நவாஸ் குனிந்து அவள் காதோரம் சொன்னான். "தங்கச்சி, ஷார்ஜா விமானம் உனக்காக நிக்காதும்மா. யோசிச்சுக்க."

"நிக்காட்டிப் போகுது காக்கா. ஷார்ஜா எங்கயும் ஓடிப்போயிறாது" என்றாள் நஸீஹா. பிறகு இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பினாள். "பேப்பர் இருக்கா சார்? எழுதிக்கங்க, சொல்றேன்."

சேதுராமன் பெருமூச்சு விட்டார். பக்கோடாத் தட்டை ஒதுக்கி மேஜையில் இடம் பண்ணினார். பேனாவின் மூடியைத் திறந்தார்.